எழுத்தும் தலையெழுத்தும்

ஒரே ஒரு தாள்! பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், படிப்பு, முன் அனுபவம் என்று கட்டம் கட்டமாக அச்சிட்டு, அடியில் கையொப்பத்திற்கு ஒரு கோடு கிழித்த வெள்ளைத் தாள். வேலை கேட்டு வருவோனிடம் முதலில் நீட்டப்படுவது அதுதான். நமக்கு அது ஐந்து நிமிட வேலை. ஆனால், கிணற்றுக்குள் இறங்கி மோட்டாரைத் தூக்கி வருகிற தோளுடையவன் ஒருவன், அந்தத் தாளைத் தூக்க மாட்டாமல் திரும்பிப் போகிறான் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும், தோழர்களே! அப்படித் திரும்பிப் போகிறவர்கள் நம்மிடையே உளர். அவர்களைப் பற்றி நாம் பேசியதில்லை. அவர்களும் தம்மைப் பற்றிப் பேசியதில்லை.

சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் அண்மையில், மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது ராயகிரி. வயலும் தென்னந்தோப்பும் வேலை தரும் நாள்கள் சில. தராத நாள்கள் பல. ஆகவே அவ்வூர் இளைஞர் வெளியே பார்க்கின்றனர். இராசபாளையத்து நூற்பாலைகள், சங்கரன்கோவில் விசைத்தறிகள், புளியங்குடி எலுமிச்சைச் சந்தை, திருப்பூர்ப் பின்னலாடை, செங்கோட்டை தாண்டினால் கேரளம். 2019-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் தென்காசி தனி மாவட்டமாயிற்று. ஆட்சியர் அலுவலகம் முன்னினும் அருகே வந்தது. ஆயினும், அலுவலக வாயிலில் நீட்டப்படும் தாள் பழைய தாளாகவே இருக்கிறது.

இவ்வூரில் ஓர் இளைஞனை மனக்கண்ணால் காண்போம். பெயர் வேண்டாம், அவன் ஒருவனல்லன். பம்புசெட்டு மோட்டார் ஓடும் ஓசையைக் கேட்டே எந்தப் பேரிங் போயிற்று என்று சொல்லுவான். காயில் கட்டுவதில் கைதேர்ந்தவன். ஒரு முறை கேட்ட கணக்கை மறவான். ஆனால் ஒரு பத்தியைக் கையில் கொடுத்தால் வியர்த்துவிடுவான். பழமும் பலமும் அவன் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி வரியின் கடைசிக்கு வந்து சேர்வதற்குள் வரியின் தொடக்கம் நினைவை விட்டுப் போயிருக்கும். பத்தாம் வகுப்பில் இரு முறை தவறினான். பள்ளி அவனுக்குச் சூட்டிய பட்டம் ‘மக்கு’. வீடு சூட்டியது ‘சோம்பேறி’. ஊர் சூட்டியது ‘உருப்படாதவன்’. மூன்று பட்டமும் பெற்ற பின், பட்டம் இல்லாதவன் என்று வேலை மறுக்கப்படுகிறது!

அறிவியல் அவனுக்கு வேறொரு பெயர் சொல்கிறது. 1877-இல் செருமானிய மருத்துவர் குசுமாவுல், பார்வையும் அறிவும் கெடாமலே படிக்கும் ஆற்றலை மட்டும் இழந்துவிட்ட நோயாளிகளைக் கண்டு, அதற்குச் ‘சொற்குருடு’ எனப் பெயரிட்டார். 1887-இல் இசுடுட்கார்ட்டு நகரத்துக் கண் மருத்துவர் ருடால்ப் பெர்லின் ‘டிஸ்லெக்சியா’ என்ற சொல்லைப் படைத்தார். அவர்கள் கண்டது மூளை நோயால் வந்த இழப்பை. பிறவியிலேயே இவ்விடர்ப்பாடு உண்டு என்பதை 1896-இல் இங்கிலாந்தின் பிரிங்கிள் மார்கன் எழுதினார். பதினான்கு வயதுச் சிறுவன், கணக்கில் தேர்ந்தவன், விளையாட்டில் பின்தங்காதவன், ஆனால் தன் பெயரையே தவறாக எழுதினான். பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் கூறியதாகவும் மார்கன் குறித்துள்ளார்.

நூற்றாண்டுக்கும் மேலாக நடந்த ஆய்வு நமக்குச் சொல்வது இதுதான்: கண்ணில் குற்றமில்லை, அறிவில் குறைவில்லை, முயற்சியிலும் குறைவில்லை. பேச்சின் ஒலியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் உரிய எழுத்தோடு விரைந்து இணைக்கும் மூளையின் வேலை, சிலருக்கு இயல்பிலேயே கடினமாக அமைந்துவிடுகிறது. குடும்ப வழியாகவும் வருகிறது. தக்க பயிற்சியால் தணியும். ஆனால் வளர்ந்த பின்னும் உடன் வரும். பள்ளியை விட்டு வெளியேறிய நாளில் அது அவனை விட்டு வெளியேறிவிடுவதில்லை.

தமிழ் ஒலிப்படி எழுதும் மொழிதானே, இங்கே இந்த இடர் எப்படி வரும் என்று கேட்போர் உளர். எண்ணிப் பாருங்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 வடிவங்கள். ‘கொ’ என்று சொல்லும்போது காதில் முதலில் விழுவது ககர மெய், பின்னரே ஒகரம். எழுத்திலோ, கண்ணில் முதலில் படுவது கொம்பு, அடுத்துக் ககரம், அதற்கும் பின் ஒரு கால். ஒரே ககரம் கடலில் ஒரு விதம், தங்கத்தில் ஒரு விதம், அகத்தில் வேறொரு விதம் ஒலிக்கிறது. லகர, ளகர, ழகரமோ பலருடைய நாவில் ஒன்றாகிவிட்டன. தாளில் மட்டும் மூன்றாக நிற்கின்றன. நமக்கு இவை பழகிப்போன பாதை. அவனுக்கு ஒவ்வொரு நாளும் புதிதாக வெட்ட வேண்டிய காடு.

இந்த உண்மை தெரியாத வீட்டில் என்ன நடக்கிறது? நாவில் தேன் தடவி எழுதுகிறார்கள். ஏடும் எழுதுகோலும் பூசையில் வைக்கிறார்கள். கலைமகள் கண் திறக்கவில்லை என்கிறார்கள். முன்வினை என்கிறார்கள். கடைசியில் எல்லாக் கேள்விக்கும் விடையாக ஒரு சொல்லைச் சொல்லி ஓய்கிறார்கள்: ‘தலையெழுத்து’! எழுத்துப் படிக்கத் தெரியாதவனுக்கு, யாராலுமே படிக்க முடியாத ஓர் எழுத்தைக் காரணம் காட்டுகிற விந்தையை வேறு எந்த நாட்டில் காண முடியும்? தலைக்குள்ளே இருப்பது மூளை. அதன் இயல்பை ஆராய்ந்து அறியலாம். தலைமேல் இருப்பதாகச் சொல்லும் எழுத்தை ஆராய முடியாது, அழத்தான் முடியும். அழுது ஓய்ந்த பெற்றோர் பிள்ளையை அடிக்கவும் தயங்குவதில்லை. விதியின்மீது பழி, பிள்ளையின்மீது அடி!

விதியை நம்பாத நாம் என்ன செய்தோம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டாமா? நேர்மையாகச் சொல்வோம். எழுத்தை நாம் விடுதலையின் அடையாளமாகக் கொண்டோம். கொண்டது சரிதான். கோடிக்கணக்கான மக்களுக்குப் பிறப்பின் பெயரால் ஏடு மறுக்கப்பட்ட நாடு இது. ஆகவே ‘படி, படி’ என்று மேடைதோறும் முழங்கினோம். கதவு திறந்தது. திறந்த கதவின் முன் வந்து நின்றும், எழுத்து தனக்கு வசப்படாமல் தத்தளித்தவனை மட்டும் நாம் காணவில்லை. படிக்க வாய்ப்பிருந்தும் படிக்காதவன் என்று அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினோம். ஒரு காலத்தில் பிறப்பைக் காட்டி ஒதுக்கினார்கள். இன்று எழுத்துப் பிழையைக் காட்டி ஒதுக்குகிறோம். ஒதுக்கப்பட்டவனுக்கு இரண்டிலும் வலி ஒன்றே.

எழுத்துக்காக மனிதனா, மனிதனுக்காக எழுத்தா? இந்தக் கேள்விக்கு விடை நம்மிடமே இருக்கிறது. 1935-இல் பெரியார் ‘குடி அரசு’ ஏட்டில் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கினார். ணா, றா, னா முதலியனவும் ணை, லை, ளை, னை ஆகியனவும் தனித்தனி வளைவும் துதிக்கையுமாக இருந்த காலம் அது. கற்போனுக்குச் சுமையாக இருப்பதைப் பழமை என்பதற்காகவே காக்க வேண்டுமா என்று கேட்டார் அவர். 1978-இல் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. 13 வடிவங்கள் மாறின. தமிழ் அழிந்ததா? இல்லை, கற்பது எளிதாயிற்று. மனிதனின் இடருக்காக எழுத்தின் உருவத்தையே மாற்றத் துணிந்த மரபுக்கு உரியவர்கள், ஒரு விண்ணப்பத் தாளின் உருவத்தை மாற்றத் தயங்கலாமா?

இன்னொன்றையும் நினைவூட்டுவோம். நம் கருத்துகள் சிற்றூர்களில் எப்படிப் பரவின? படிப்பகத்துத் திண்ணையிலும், தேநீர்க் கடையிலும், முடிதிருத்தகத்திலும் ஒருவர் ஏட்டை உரக்கப் படிப்பார்; சூழ இருந்தோர் கேட்பர்; கேட்டோர் வாதிடுவர். எழுத்தறியாத எத்தனையோ பேர் காது வழியே பகுத்தறிவு பெற்றார்கள். வள்ளுவரின் அதிகார வரிசையைப் பாருங்கள். 40-ஆவது கல்வி, 41-ஆவது கல்லாமை, 43-ஆவது அறிவுடைமை. இடையில், 42-ஆவதாக நிற்பது எது? கேள்வி! கல்லாமையிலிருந்து அறிவுடைமைக்குச் செல்லும் பாலமாகக் காதை வைத்திருக்கிறார் அவர். நாமோ அந்தப் பாலத்தில் சுங்கச் சாவடி கட்டி, எழுத்தைக் கட்டணமாகக் கேட்கிறோம்.

இனி, வேலைக்கு வருவோம். ‘தகுதி வேண்டாமா, திறமை வேண்டாமா?’ என்று கேட்பார்கள். நமக்குப் பழகிய குரல் அது. 1928-இல் வகுப்புவாரி ஆணை நடைமுறைக்கு வந்தபோதும் அதே குரல் எழுந்தது. வேண்டும், ஐயா, தகுதி வேண்டும்! ஆனால், எதற்குத் தகுதி? மோட்டார் பழுது பார்க்கும் வேலைக்குத் தகுதி, மோட்டாரைப் பழுது பார்ப்பது. அந்த வேலைக்கு வந்தவனைக் கட்டுரை எழுதச் சொல்லிச் சோதிப்பது, நீந்த வந்தவனை மரமேறச் சொல்வதற்கு ஒப்பாகும். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட கோவை ஜி.டி. நாயுடு பேருந்து நிறுவனம் நடத்தினார். 1937-இல் மின் மோட்டாரை உருவாக்குவதில் முன்னின்றார். அவருக்கு இவ்விடர் இருந்ததென்று நாம் சொல்லவில்லை. ஏட்டுச் சான்றிதழும் கையின் திறமும் வெவ்வேறு என்பதற்கு மட்டுமே அவரைக் காட்டுகிறோம்.

அரசே இதனை ஒருமுறை ஒப்புக்கொண்டது. போக்குவரத்து வண்டி ஓட்ட உரிமம் பெற வேண்டுமானால் எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்ற விதி நெடுநாள் இருந்தது. வண்டியை நன்றாக ஓட்டத் தெரிந்தும் வகுப்புத் தேறாத ஊர்ப்புற இளைஞர் பிழைப்பிழந்து நிற்பதைக் கண்டு, 2019-இல் மத்திய அரசு அவ்விதியை நீக்கியது. ஓட்டும் திறனையே கடுமையாகச் சோதிப்போம் என்றது. எவ்வளவு எளிய உண்மை! வேலைக்கு எது தேவையோ அதைக் கேள், தேவையில்லாததைக் கேளாதே.

மறுபக்கம் பாருங்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் 200 வினாக்கள். நேரம் 3 மணி. ஒரு வினாவுக்கு 54 நொடி. அந்த 54 நொடிக்குள் வினாவைப் படித்து, விடைகளைப் படித்து, எண்ணித் தேர வேண்டும். நம் இளைஞனுக்கு வினாவைப் படித்து முடிக்கவே அந்த நேரம் போதாது. அவன் தோற்பது அறிவிலா, விரைவிலா? விரைவில்தான். ஆனால் முடிவுப் பட்டியல் அந்த வேறுபாட்டைச் சொல்லாது.

சட்டம் உறங்கவில்லை, ஆனால் அதன் குரல் ராயகிரி வரை கேட்கவில்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. டிஸ்லெக்சியா அதில் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அந்த ஏழை இருபத்தொன்று ஆக்கியது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அவற்றுள் ஒன்று. டிஸ்லெக்சியா என்ற பெயரே அட்டவணையில் உள்ளது. அரசு வேலைகளில் 4 விழுக்காடு ஒதுக்கீடு. கற்றல் குறைபாடு, மதியிறுக்கம், அறிவுத்திறன் குறைபாடு, மனநோய் ஆகியவற்றுக்குச் சேர்ந்து அதில் ஒரு விழுக்காடு. 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்று அச்சட்டத்தின் விதிகள் கூறுகின்றன. ஒதுக்கீடு பெற 40 விழுக்காடு குறைபாடு எனச் சான்று வேண்டும். 2018-இல் வந்த வழிகாட்டு நெறிகள், அச்சான்றை 8 வயதுக்கு மேல் தரவும், 14-இலும் 18-இலும் மறுபடி சோதிக்கவும், 18-இல் தருவதை வாழ்நாள் சான்றாகக் கொள்ளவும் சொல்லின. பள்ளிச் சிறுவனை மனத்தில் வைத்து வகுத்த நெறி என்பது வெளிப்படை. பள்ளியில் எவரும் கண்டறியாமல் விட்டுவிட, இருபத்தெட்டு வயதில், கையில் பழைய தாள் ஒன்றும் இல்லாமல், மருத்துவமனைப் படியேறுகிறவனுக்கு அந்தப் படி மிக உயரம்.

சான்றில்லாதவனுக்கு உரிமையே இல்லையா? உண்டு என்றது உச்ச நீதிமன்றம். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் இடருள்ள ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் தமக்காக எழுதுபவரை அனுமதிக்குமாறு தொடுத்த விகாஷ் குமார் வழக்கில், 2021 பிப்ரவரி 11-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. 40 விழுக்காடு என்பது ஒதுக்கீட்டுக்கான எல்லை. தேவையான வசதியைப் பெறும் உரிமையை அந்த எல்லைக்குள் பூட்டி வைக்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். சலுகையைப் பிச்சையாகப் பார்க்காமல், சமத்துவத்தின் ஒரு பகுதியாகப் பார்க்க வேண்டும் என்பது அதன் அறம்.

இங்கேதான் நம் கட்டுரையின் கடினமான கேள்வி எழுகிறது. அந்த இளைஞன், நண்பனைக் கொண்டு தாளை நிரப்பி, ஓர் ஆலையில் சேர்ந்துவிட்டான் என்று வையுங்கள். ‘குறைபாடு ஏதும் உண்டா?’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதச் சொன்னான். அது பொய்யா? அவன் செய்தது தவறா?

தன்மானம் பேசும் நாம் உடனே சொல்லத் தோன்றும்: மறைப்பது மானமன்று, தலை நிமிர்ந்து சொல், சொன்னால் தோன்றும் விளைவை எதிர்த்துப் போராடு என்று. சொல்வது எளிது. மாதம் பிறந்தால் வாடகையும், வீட்டில் அடுப்பும் நமக்கில்லை, அவனுக்கு. உண்மை சொன்ன மறுநாளே வெளியே அனுப்பப்படும் இடத்தில், உண்மையைக் கேட்கும் உரிமை கேட்பவனுக்கு எந்த அளவு உண்டு என்பதையும் நாம் ஆராய வேண்டும். முதலாளி வாங்குவது உழைப்பை. அந்த உழைப்புக்குத் தொடர்பான உண்மையைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஐந்தாம் வகுப்பில் எழுத்துக் கூட்டினானா என்பதைக் கேட்கும் உரிமை எங்கிருந்து வந்தது?

ஆனால் இதையே பிடித்துக்கொண்டு, எதையும் மறைக்கலாம் என்று நாம் சொல்ல மாட்டோம். ‘மின்சாரம் செலுத்தப்பட்டுள்ளது, தொடாதே’ என்று தொங்கும் அட்டையை அவன் படிக்காமல் விட்டால் பக்கத்தில் நிற்பவன் உயிர் போகும். மருந்துக் கடையில் ஓர் எழுத்து மாறினால் நோயாளி மாண்டு போவான். அங்கே பிழையற்ற வாசிப்பே வேலை. அதைக் கேட்பது அநீதியாகாது. அதை மறைப்பது அறமாகாது. ஆகவே அளவுகோல் ஒன்றைச் சொல்கிறோம்: மௌனத்தின் கேடு யாரைச் சேரும்? தன்னை மட்டும் சேருமானால், சொல்வதும் சொல்லாததும் அவன் விருப்பம். பிறரைச் சேருமானால், சொல்லியே ஆக வேண்டும். மேலாளரிடம் சொல்ல அஞ்சினால், உடன் வேலை செய்யும் தோழனிடமேனும் சொல்ல வேண்டும்.

இதோடு கணக்கு முடிந்துவிடவில்லை. மறைத்து வாழ்பவன் நாள்தோறும் வட்டி கட்டுகிறான். ‘கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன், நீ படித்துச் சொல்’ என்பான். சுற்றறிக்கை வந்தால் கழிப்பறைக்குப் போவான். மேற்பார்வையாளர் பதவி தேடி வந்தால், பதிவேடு எழுத வேண்டுமே என்று அஞ்சி, ‘எனக்கு வேண்டாம்’ என்பான். அடக்கமானவன் என்று ஊர் புகழும். சொந்த உழைப்பில் உண்ணும் சோற்றைத் திருடியவன்போல் உண்பான். இந்த வாழ்வை அவன்மேல் சுமத்தியது யார்? உண்மைக்கு இவ்வளவு பெரிய விலையை வைத்தவர் எவரோ, அந்தப் பொய்யில் பெரும் பங்கு அவருக்கே. சொல் என்று அவனுக்கும் ஆணையிட மாட்டோம். மறை என்றும் சொல்ல மாட்டோம். சொன்னால் சோறு போகாது என்ற நிலையை உண்டாக்கு என்று சமுதாயத்துக்கு ஆணையிடுகிறோம்.

அதற்குக் கோடி வேண்டாம். தாளை நிரப்பச் சொல்வதற்குப் பதில், கேட்டு எழுதிக்கொள்ள ஓர் ஆள் போதும். கட்டுரைக்குப் பதில், கையில் ஒரு பழுதுபட்ட மோட்டாரைக் கொடுத்தால் போதும். அறிவிப்பை ஒட்டிவிட்டு, ஒருமுறை உரக்கச் சொன்னால் போதும். தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தரும் வழிமுறை மத்திய அரசின் நெறிகளிலேயே உண்டு. அதைத் தேவைப்படுவோருக்கு மறுக்காமல் இருந்தால் போதும். எல்லாருடைய சட்டைப்பையிலும் இருக்கிற கைப்பேசி இன்று தமிழ் எழுத்தைப் படித்துக் காட்டுகிறது. பேசினால் எழுதிக் கொடுக்கிறது. கண் மங்கியவர் கண்ணாடி அணிந்தால் மோசடி என்பாரில்லை. காதால் படிப்பவனை மட்டும் ஏன் ஏமாற்றுக்காரன் என்கிறோம்?

தோழர்களே! உங்கள் ஊரில் படிப்பகம் உண்டு, மன்றம் உண்டு. வாரத்தில் ஒரு மாலை, அரசின் படிவங்களைப் படித்துச் சொல்லி நிரப்பிக் கொடுங்கள். ஏன் உன்னால் எழுத முடியவில்லை என்று கேளாமல் கொடுங்கள். பள்ளியில் பின்தங்கும் பிள்ளையைச் சோதனைக்கு அழைத்துச் செல்லுமாறு பெற்றோரிடம் சொல்லுங்கள். 1991 முதல் சென்னையில் மதராஸ் டிஸ்லெக்சியா சங்கம் இப்பணி செய்து வருகிறது; ஆனால் சென்னை தொலைவு, வேலை நாள் போனால் கூலியும் போகும். தென்காசி மாவட்டத்திலேயே, வளர்ந்தவர்களுக்கும் சோதனையும் சான்றும் வேண்டும் என்று கோரிக்கை எழுப்புங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, ‘மக்கு’ என்ற சொல்லை உங்கள் வாயிலிருந்து விலக்குங்கள். அந்தச் சொல்லுக்குச் செலவு ஒன்றுமில்லை. அதனால் விளைந்த சேதத்துக்கோ அளவில்லை.

நாளைக் காலை ராயகிரிப் பேருந்து நிறுத்தத்தில் அவன் நிற்பான். வருகின்ற வண்டியின் பெயர்ப் பலகையைப் படிக்காமல், பக்கத்தில் இருப்பவரிடம், ‘அண்ணே, இது இராசபாளையம் போகுமா?’ என்று கேட்பான். பலகையில்தான் எழுதியிருக்கிறதே, கண் தெரியவில்லையா என்று சொல்லிவிடாதீர்கள். ‘போகும் தம்பி, ஏறு’ என்று சொல்லுங்கள். அவன் போக வேண்டிய ஊர் அவனுக்குத் தெரியும். பலகையைப் படித்துச் சொல்ல மட்டும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக இருப்பதற்குக்கூட மனம் வராத நாம், எழுத்தறிந்து என்ன பயன்?